பரிந்து எழுதிய கடிதங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கு இல்லங்களின் முன்னறையில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மதிப்பெண் பட்டியலின் நகலையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் ஒரு பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு தாய் ஒருவர் அமர்ந்திருப்பார். அருகே மகனோ மகளோ தலை குனிந்தபடி இருப்பர். கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்கப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். பல மாதங்களாக நிலுவையில் இருந்த கோவில் வரி அன்றைய தினமே தீர்ந்துவிடுவதும் உண்டு. அதைப் பற்றி இங்குப் பேச வேண்டாம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் இளையோர் இதே காட்சியைக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் நடத்துகின்றனர். தம்மை அறிந்த ஆசிரியர் மூவரிடம் கடிதம் பெற வேண்டும் என்று விண்ணப்பம் கேட்கிறது. 'தம்மை அறிந்த' என்னும் இரு சொற்களில்தான் தயக்கம் முழுவதும் இருக்கிறது. யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்? தேர்வுக்கு அஞ்சாத பிள்ளைகளும் இந்த வாயிலில் கால் மாற்றி நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இத்தயக்கத்திற்கு நம் மொழியும் ஒரு காரணம் எனலாம். 'சிபாரிசு' என்ற சொல் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்தது. வந்த இடத்தில் அதற்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. 'சிபாரிசு பிடித்து உள்ளே நுழைந்தான்' என்றால் தகுதியின்றி நுழைந்தான் என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் அதே செயலுக்கு நாம் வழங்கும் மற்றொரு சொல்லான 'பரிந்துரை'யைக் கோவிலுக்குள் எவ்வளவு உரிமையோடு சொல்கிறோம்! அன்னை மரியாவின் பரிந்துரையை நவநாள்தோறும் நாடுகிறோம். புனித அந்தோணியாரின் பரிந்துரைக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். அவ்வன்போடு ஒருவருக்காக இன்னொருவரிடம் பேசுவதே பரிந்துரை. விண்ணகத்தில் நாணமின்றிக் கேட்பதை மண்ணகத்தில் கேட்க ஏன் நாணுகிறோம் என்ற வினாவோடு இக்கடிதங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க விழைந்தோம்.

நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த பவுலடியாரின் வாழ்வே கடிதங்களால் நிறைந்தது. ஆயினும் அவரைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் முதன்முதலில் கூறும் கடிதங்கள் அவர் எழுதியவை அல்ல. அவர் கேட்டு வாங்கியவை. தமஸ்கு நகரின் தொழுகைக்கூடங்களுக்குத் தலைமைக் குருவிடம் அவர் கடிதங்கள் வேண்டினார். அந்நெறியைச் சார்ந்தோரைக் கட்டி எருசலேமுக்கு இழுத்து வரும் அதிகாரத்தை அக்கடிதங்கள் அவருக்குத் தந்தன. அவற்றைச் சுமந்து சென்றவர் வழியில் வீழ்ந்தார். நகருக்குள் பார்வையற்றவராய்க் கைப்பிடித்து நடத்திச் செல்லப்பட்டார்.

பின்னர் அவர் எருசலேமுக்கு வந்தபோது கையில் கடிதம் ஏதுமில்லை. சீடர்கள் அஞ்சினர், அவரும் ஒரு சீடர் என்பதை எவரும் நம்பவில்லை. அப்போது பர்னபா அவருக்குத் துணை நின்று, திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்று, தமஸ்கு வழியில் நடந்ததை எடுத்துக் கூறினார். திருச்சபையின் வரலாற்றை மாற்றிய பரிந்துரை ஒன்று வாய்மொழியாகவே நிகழ்ந்தது. பர்னபா தம் நற்பெயர் முழுவதையும் அன்று பணயமாக வைத்தார் என்பதை நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. பவுல் வஞ்சகராக இருந்திருந்தால் பர்னபாவின் சொல்லை அதன்பின் யார் கேட்டிருப்பர்?

எபேசில் அப்பொல்லோ என்ற நாவன்மை மிக்கவர் ஒருவர் இருந்தார். அவர் அக்காயா நாட்டுக்குச் செல்ல விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளுமாறு சகோதரர்கள் அங்குள்ள சீடர்களுக்குக் கடிதம் எழுதினர். அக்காயாவின் தலைநகர் கொரிந்து. அந்தக் கொரிந்திலேதான் பின்னாளில் நற்சான்றுக் கடிதங்களைப் பற்றிய சச்சரவு எழுந்தது. வேறு சிலர் கடிதங்களோடு வந்து இறங்கினர்; பவுலிடம் அத்தகைய கடிதம் எங்கே என்ற கேள்வி கிளம்பியது போலும். நீங்களே எங்கள் கடிதம், மையால் எழுதப்படாத கடிதம் என்ற பொருள்பட அவர் அளித்த விடையில் அன்பும் இருக்கிறது, சற்றே மனத்தாங்கலும் இருக்கிறது. தாம் பெற்று வளர்த்த பிள்ளைகளே தந்தையிடம் அடையாளச் சீட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்!

ஆனால் இதற்காக அவர் பிறருக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில், கொரிந்துக்கு அருகிலிருந்த துறைமுகமான கெங்கிரேயாவின் திருத்தொண்டர் பெபேயாவை ஏற்று உதவுமாறு வேண்டுகிறார். பலருக்கும் தமக்கும் அவர் துணையாக இருந்தவர் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார். பிலமோனுக்கு எழுதிய சிறு திருமுகமோ முழுவதும் ஒரு பரிந்துரைக் கடிதமே. ஒனேசிமு என்ற அடிமைக்காக, அவனுடைய தலைவனிடமே பேசும் கடிதம் அது. அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளும், நானே தீர்ப்பேன் என்று தம் கைப்படவே எழுதி உறுதி தருகிறார். சிறையில் இருப்பவர் பிறர் கடனுக்குப் பொறுப்பேற்கிறார்!

இங்கே பழைய ஏற்பாட்டின் மற்றொரு கடிதம் நினைவுக்கு வருகிறது. தாவீது அரசர் யோவாபுக்கு எழுதிய மடலை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். போர் கடுமையாக நடக்கும் இடத்தில் இவனை நிறுத்து என்பது அதன் செய்தி. தன் சாவைத் தானே சுமந்து செல்கிறோம் என்பதை உரியா அறியவில்லை. முத்திரையிட்ட உறையைச் சுமப்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது என்ற இந்த அச்சம் பரிந்துரைக் கடிதத்தின் உடன்பிறப்பு. அதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

தொடக்கத் திருச்சபையில் வழிப்பயணம் செய்யும் கிறிஸ்தவர், தம் ஆயரின் கடிதத்தைக் காட்டினால் செல்லுமிடமெல்லாம் உணவும் உறைவிடமும் பெற்றனர். கிறிஸ்தவத்தை மறுதலித்த யூலியன் பேரரசர் 361 முதல் 363 வரை ஆண்டவர். நம் மறையின் பகைவர். அவரே இந்தக் கடித முறையைக் கண்டு வியந்தார் என 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசமன் எழுதுகிறார். 451இல் கூடிய கால்சீடன் பொதுச்சங்கம், தம் ஆயரின் பரிந்துரைக் கடிதமின்றி வேற்று நகரில் எந்த அருட்பணியாளரும் பணியாற்றக் கூடாது என விதித்தது. இன்றும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 903ஆம் எண், அறிமுகமில்லாத குரு ஒருவர் ஓராண்டுக்குள் பெற்ற பரிந்துரைக் கடிதத்தைக் காட்டித் திருப்பலி நிறைவேற்ற இடம் பெறலாம் என்கிறது. ஆகவே கடிதம் கேட்டு வாயிலில் நிற்பது பொதுநிலையினருக்கு மட்டும் வாய்த்த சங்கடம் என எண்ண வேண்டாம்.

அதே கால்சீடன் சங்கத்தின் 11ஆம் விதி சற்று உறுத்துகிறது. வறியோரும் உதவி தேவைப்படுவோரும் 'சமாதானக் கடிதம்' மட்டும் பெற்றுப் பயணம் செய்ய வேண்டும். பரிந்துரைக் கடிதம் அவர்களுக்கு உரியதன்று என்பது அவ்விதி. பரிந்துரைக் கடிதத்துக்கு உரியோர் யார் என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை நன்மதிப்புடையோர் என்றும், ஐயத்துக்கு ஆளானோர் என்றும் இருவகையாக அறிஞர் பொருள் கொள்வர். முதற்பொருளே சரியெனில், அந்நியரை அணைக்கப் பிறந்த கடிதம் நான்கே நூற்றாண்டுகளில் ஏழைக்கு ஒன்று, மேலோர்க்கு ஒன்று எனப் பிரிந்துவிட்டது என்றாகிறது.

கல்விக்கூடத்துக்குள் இம்முறை எப்படி நுழைந்தது என்பது நீண்ட கதை. ஒரேயொரு நிகழ்ச்சியை மட்டும் குறிப்பிடுவோம். 1215இல் திருத்தந்தையின் தூதரான கர்தினால் இராபர்ட் தெ கூர்சோன் பாரிசுப் பல்கலைக்கழகத்துக்கு வகுத்த சட்டங்களில் ஒன்று, தனக்கென ஓர் ஆசிரியர் இல்லாத எவனும் பாரிசின் மாணவன் ஆகான் என்கிறது. கட்டணமும் தேர்வும் எப்படியிருப்பினும், இவன் என் மாணவன் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் இன்றைய விண்ணப்பங்களின் அடிநாதம் இதுவே என நமக்குத் தோன்றுகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தேர்வு கைவிட்ட ஒருவரைக் கடிதங்கள் கரையேற்றியதற்குக் கும்பகோணத்து சீனிவாச இராமானுஜனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவருடைய மேதைமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அவர் எத்தனை வாயில்களில் நின்று கேட்டார் என்பதையே நாம் இங்கு நோக்குகிறோம்.

1904இல் பள்ளிப் பரிசோடும் உதவித்தொகையோடும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமில்லை, வேலையில்லை, 1909இல் திருமணமும் ஆகிவிட்டது. கையிலிருந்தவை கணிதக் குறிப்பேடுகள் மட்டுமே. 1910இல் அவற்றை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி அய்யரிடம் சென்று, அவர் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். குறிப்பேடுகளைப் புரட்டியவர், வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் இந்த அறிவைப் புதைக்க மனமின்றி, வேலை தராமல் சென்னைக்கு அனுப்பினார். மறுப்பதும் சில வேளைகளில் பரிந்துரையாகும் போலும்! ஆனால் அந்த மறுப்பின் பின்னே அடுத்த வாயிலுக்கு வழி இருந்தது என்பதை மறக்கலாகாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் அப்போது பி. வி. சேஷு அய்யர் இருந்தார். முன்னர்க் கும்பகோணத்தில் இராமானுஜனுக்குக் கற்பித்தவர். அவருடைய கடிதத்தோடு நெல்லூர் ஆட்சியர் இரா. இராமச்சந்திர ராவிடம் சென்றார் இராமானுஜன். ராவ் உடனே நம்பிவிடவில்லை. பலமுறை சந்தித்து, எளியவற்றிலிருந்து அரியவற்றுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லப்பட்ட பிறகே நம்பினார். உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆய்வைத் தொடரப் பிழைப்புக்குச் சிறிது கிடைத்தால் போதும் என்றாராம் அந்த இளைஞர். ராவ் மாதம் 25 ரூபாய் வழங்கினார்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருக்குப் பரிந்துரை அளித்தார். மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்குத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யர் ஆகியோரும் அவருக்காகப் பிறரிடம் பேசலாயினர். சென்னைப் பொறியியற் கல்லூரியின் கிரிஃபித், இலண்டனிலிருந்த தம் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குத் தாமே எழுதிய கடிதம் உலகறிந்தது.

நம் உள்ளத்தில் நெடுநேரம் நின்ற கடிதம் வேறொன்று. இந்திய வானிலைத் துறையின் தலைவராகிய கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்தார். பிப்ரவரி 26ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். தாம் கண்ட படைப்பின் புதுமை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆய்வறிஞருடையதோடு ஒப்பிடத்தக்கது என்றார். அடுத்து, அப்படைப்பில் முழுமையும் துல்லியமும் போதாமல் இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். இத்துறையில் தமக்குத் தனித் தேர்ச்சி இல்லை. ஆகவே இவர் ஆற்றலை உறுதியாக அளவிடத் தம்மால் இயலாது என்று ஒப்புக்கொண்டார். இறுதியில், பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே முழு நேரத்தையும் செலவிட இவருக்குப் பல்கலைக்கழகம் வழிசெய்வது முறையாகும் என்று ஒன்றைத் தெளிவாகக் கேட்டார்.

கண்டதைச் சொன்னார், குறையைச் சொன்னார், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றார், தேவை இன்னதென்று கேட்டார். இந்த நான்கும் அமைந்த கடிதம் ஒன்றை நம் வாழ்நாளில் நாம் எழுதியிருக்கிறோமா என்று ஒரு கணம் புத்தகத்தை மூடிவைத்து எண்ணிப் பார்த்தோம். பட்டமே இல்லாத ஒருவருக்கு அந்த ஆண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில், கதை நேர்மாறாக நடந்தது. ஹார்வர்டு போன்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் அக்காலத்தில் நுழைவுத் தேர்வில் தேறியவர்க்கு இடம் கிடைத்துவந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதர்களின் பிள்ளைகள் இராப்பகலாகப் படித்துத் தேர்வுகளில் தேறினர். 1922 அளவில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவருள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்களாகவே இருந்தனர். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல் இதைப் பொறுக்கவில்லை. யூதருக்கு 15 விழுக்காடு என வரம்பு கட்ட முயன்றார். ஆசிரியர் குழு 1923இல் அதை ஏற்க மறுத்தது. ஆனால் முன்வாயிலில் தடுக்கப்பட்டது பின்வாயில் வழியே வந்தது. விண்ணப்பத்தாளில் தந்தையின் பிறப்பிடம், தாயின் கன்னிப் பெயர், குடும்பப் பெயர் மாற்றப்பட்டதுண்டா என்பன போன்ற கேள்விகள் முளைத்தன. 1926இல் மாணவர் தொகைக்கு உச்சவரம்பு வைத்து, 'பண்புநலன்' என்பதைத் தேர்வுக்குரிய அளவுகோலாக்கினர். பள்ளித் தலைவர்களின் அறிக்கை, பரிந்துரை, புகைப்படம் ஆகியவை முதன்மை பெற்றன. 1925இல் நான்கில் ஒரு பங்கைக் கடந்திருந்த யூத மாணவர் விகிதம் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. யேலும் பிரின்ஸ்டனும் இத்தகைய வழிகளையே கையாண்டன. ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வரலாற்றை ஆவணங்களோடு விரித்துரைக்கிறது.

'பண்புநலன்' என்ற சொல்லை எவர் எதிர்ப்பர்? நற்பண்புள்ள மாணவர் வேண்டுமென்பது நியாயந்தானே? ஆனால் ஒரு மாணவனின் பண்பை அறிந்த ஆசிரியரிடம் பண்பைக் கேட்பது வேறு. அவன் 'நம்மவனா' என்பதை மறைமுகமாகக் கேட்பது வேறு. வாக்கர் தாம் கண்ணால் கண்ட குறிப்பேட்டைப் பற்றி எழுதினார். ஹார்வர்டு கேட்டதோ பிள்ளையின் குலத்தையும் முகத்தையும். சென்னையில் தேர்வு அடைத்த கதவைக் கடிதம் திறந்தது. பாஸ்டனுக்கு அருகில் தேர்வு திறந்த கதவைக் கடிதம் அடைத்தது. சாதிப் பெயரைக் கேட்காமலே கேட்டறியும் கலையில் தேர்ந்த நம் நாட்டினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்கதவுகள் கத்தோலிக்கருக்கும் எளிதில் திறந்தவை அல்ல. 1890களில் ஹார்வர்டு சட்டக் கல்லூரி, தேர்வின்றிச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளின் பட்டியலில் இயேசு சபையாரின் பாஸ்டன் கல்லூரிக்கு இடம் மறுத்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. புறக்கணிப்பின் கசப்பு நமக்கு அந்நியமன்று.

உரியாவின் உறைக்குத் திரும்புவோம். நெடுங்காலம் மாணவர்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தைப் பார்க்கவே இயலாது. 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, தம் கல்விப் பதிவுகளைக் காணும் உரிமையை மாணவர்க்குத் தந்தது. ஆயினும் பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை மாணவரே எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம், பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். பார்க்க மாட்டேன் என்று மாணவர் உறுதி தந்த கடிதத்துக்கே மதிப்பு மிகுதி என்பது நடைமுறை. ஹார்வர்டில் ஆசிய மரபின மாணவர்க்கு ஆளுமை மதிப்பீடு குறைவாகத் தரப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2019இல் தீர்ப்பளித்த நீதிபதி, அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி ஆசிரியர்களும் பள்ளி வழிகாட்டிகளும் எழுதும் கடிதங்களிலிருந்தே வந்திருக்கக்கூடும் எனச் சுட்டினார். அவ்வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, சேர்க்கையில் இனத்தைக் கருதுவது கூடாது என்ற 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பில் முடிந்தது. கடிதங்கள் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்நாட்டில் ஒரு வழிகாட்டிக்கு 250 மாணவர்க்கு மேல் இருத்தல் ஆகாது என்பது பள்ளி வழிகாட்டிகள் சங்கத்தின் பரிந்துரை. நடப்பில் சராசரி அதைத் தாண்டியே உள்ளது. ஏழைப் பள்ளியின் பிள்ளையை அறிந்து எழுத அங்கும் ஆளில்லை.

நம் ஊரில் பட்டப்படிப்புக்கு மதிப்பெண்ணே பேசுவதால் இத்தொல்லை குறைவு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. எல்லார்க்கும் 'நன்று' என்று எழுதிவிடுகிறோம். எவரையும் கெடுக்காத அந்தச் சொல் எவரையும் அறியவும் இல்லை.

இவ்வளவு எழுதிய பிறகு நம் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கல்லூரியொன்றில் நாம் இயற்பியல் கற்பித்த காலத்தில், கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடிதம் கேட்டு வந்தான். தேர்வுத்தாள் திருத்தும் நேரம். அறை வாயிலில் அரைமணி நேரம் நின்றிருப்பான்.

"நீயே எழுதித் தட்டச்சுச் செய்து கொண்டு வா, தம்பி. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றோம்.

"நானே எப்படி சார் என்னைப் பத்தி எழுதுறது?" என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தாள்களில் ஆழ்ந்தோம்.

மறுநாள் வந்தான். நான்கே வாக்கியங்கள். இவர் எம் மாணவர். வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார். தேர்வுகளில் முதல் வகுப்பில் தேறினார். இவர் நடத்தை நன்று. கையொப்பமிட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தோம். ஆய்வகத்தில் பழுதாகிக் கிடந்த அலைவுகாட்டியை ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து சீர்செய்தவன் அவனே. அது நமக்குத் தெரியும். பேருந்துக்குக் காசில்லாத இளைய மாணவர்க்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் தானும் அவர்களோடு நடந்தே ஊருக்குப் போனவன் என்பது நமக்கு ஓராண்டு கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூசிய பிள்ளையிடம் அந்தப் பணியைத் தள்ளிவிட்டோம். அவனுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. அக்கடிதமே காரணம் என்று சொல்ல வழியில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பவுலடியார் ஒனேசிமுவின் கடனைத் தம் கணக்கில் எழுதச் சொன்ன பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும் நாள்களில் அந்த நான்கு வாக்கியங்கள் நமக்கு நினைவுக்கு வருகின்றன.

ஆசிரியப் பணியில் இருப்போர் இன்றும் இவ்வாறு செய்வதை அறிவோம். வகுப்பில் அறுபது பேர், எழுபது பேர். நேரமில்லை என்பது பொய்யன்று. அப்படியாயின், எனக்கு உன்னைப் போதிய அளவு தெரியாது, உன்னை அறிந்த இன்னாரிடம் கேள் என்று இராமசாமி அய்யரைப் போல அடுத்த வாயிலைக் காட்டலாம். பெற்றோருக்கும் ஒரு சொல்: கடைசி நாளில் அனுப்பாதீர்கள். மதிப்பெண் பட்டியலோடு, பிள்ளை தன் கையால் செய்த ஏதாவது ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். கேட்பதற்குக் கூச வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். சின்னப்பருக்கே பர்னபா தேவைப்பட்டார்.

நாம் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியின் கடைசி வகுப்புகளில் நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, இடையில் வேலைக்குச் சென்றிருந்தவள், சென்ற வாரம் வீடு தேடி வந்தாள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாளாம். என்ன எழுத வேண்டும் என்று தானே ஒரு தாளில் குறித்து வந்திருந்தாள். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் பழைய ஆய்வகக் குறிப்பேடுகள் இருக்கின்றனவா என்று கேட்டோம். அம்மா பரணில் போட்டு வைத்திருப்பார் என்றாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.